மெல்லியலம்மையின் மார்கழிச் சட்டை

தென்பாண்டிச் சீமையில், தாமிரபரணியின் கால்வாய் ஒன்று வளைந்து ஓடுகிற இடத்தில் நுணாவூர் என்றொரு ஊர். அவ்வூர்க் கீழரத வீதி முனையில், பூக்கடைக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் நடுவே ஒரு கோரைப்பாயை விரித்துக்கொண்டு, ஊராரின் கிழிசல்களைத் தைத்துப் பிழைத்து வந்தார் மருதவாணர் என்னும் அடியார். வண்டிக்காரர்களின் சாக்கு, பிள்ளைகளின் சொக்காய், சில நாள் அதுவும் இல்லாமல் வெறும் தலையணை உறை. கிடைத்த கூலி கஞ்சிக்குக் காணும். காணாத நாளில் அவரும் மனைவி காந்திமதியாரும் கோயில் மணியோசையைக் கேட்டுக்கொண்டே படுத்துவிடுவார்கள்.

விடிந்ததும் கால்வாயில் முழுகி, திருநீறு பூசி, ஊசியை இரு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து நிற்பார். "அம்மா, மெல்லியலா, இன்னைக்கு இந்த ஊசி யாரையும் குத்திராம பாத்துக்கோ தாயே." இவ்வளவுதான் அவருடைய வேண்டுதல். பொன்னும் கேட்கவில்லை, முத்தியும் கேட்கவில்லை. இதைச் சொல்லி முடித்த பிறகுதான் நூல் கோப்பார்.

அடியார் கதை என்றதும், யானைக்கும் வாளுக்கும் அஞ்சாத நெஞ்சுரம் உடையவர் ஒருவர் வருவார் என்று நீங்கள் காத்திருக்கலாம். என்ன செய்வது, நம்முடையவருக்கு வண்டிமாடு தும்மினாலே போதும், தூக்கிவாரிப் போடும். இடி இடித்தால் செக்கடிக்குள் ஓடி ஒண்டிக்கொள்வார். கோயில் மணியக்காரர் செண்பகராமரின் செருப்புச் சத்தம் வீதிக் கோடியில் கேட்டாலே அவர் கைக்கு நூல் கோக்க வராது. ஊரார் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்து, அந்தப் பெயரே நிலைத்தும் விட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார், பாவம்.

ஆனால் கையில் துணி வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். தையல் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நாம். அவரோ, எந்தத் துணி எந்த உடம்பில் எந்த இடத்தில் உரசும் என்று பார்த்துத்தான் ஊசியை எடுப்பார். சாக்குக்கு ஒற்றைத் தையல் போதும். இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரே ஓட்டம், உள்ளே பிசிறு நின்றால் நெல்லுக்கு என்ன வலிக்கப் போகிறது? பாரம் சுமப்பவரின் தோளுக்கு அமுக்குத் தையல். ஒரு விளிம்பைக் குறைத்து வெட்டி, மற்றதை அதன்மேல் மடித்துப் படுக்கவைத்து, இரண்டாம் ஓட்டம் போட்டு அமுக்கிவிட்டால் பலகையாக நிற்கும், இழுத்தாலும் விடாது. பச்சைப் பிள்ளையின் விலாவுக்குத் திருப்புத் தையல். முதலில் வெளிப்புறம் தைத்து, பிசிறை நறுக்கி, துணியை உள்வெளியாகத் திருப்பி மறுபடி தைத்தால், அந்தப் பிசிறு தையலுக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகும். இப்படி இடத்துக்கு ஒன்றாக அவர் தைப்பதைப் பார்த்து, பூக்கடைக்காரர்கள் சிரிப்பார்கள். கிழிசலுக்கு இத்தனை ராஜ உபசாரமா என்பார்கள்.

இந்த அச்சமும் இந்த அருமையும் அவருக்கு எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நுணாவூர்க் கோயிலில் மெல்லியலம்மையின் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. ஏழெட்டு வயதுப் பெண்குழந்தையின் உயரம். வலக்கை பூவைப் பிடித்தாற்போல் மடிந்திருக்கும், அந்த விரல்களின் நடுவே தினமும் ஒரு பூச் செருகுவார்கள். இடக்கை பக்கத்தில் தொங்கி நிற்கும். மார்கழி முதல் நாள் பனிக்காக அம்மைக்குச் சட்டை சார்த்துவது அக்கோயில் வழக்கம். அதைத் தைப்பது மருதவாணரின் குடும்பத் தொண்டு. அம்மையை நேரே அளவெடுக்கலாகாது என்பது விதி. ஆகவே அதே அளவுள்ள ஒரு பெண்குழந்தையை நிறுத்தி, அவள்மேல் அளந்து துணியை வெட்டுவார்கள்.

மருதவாணருக்கு ஒரே மகள் இருந்தாள், முத்துவடிவு என்று பெயர். ஒரு கார்த்திகையில் அவள் அந்த அளவுக்கு வளர்ந்து நின்றாள். "நாந்தான் அம்மை, நாந்தான் அம்மை" என்று வீதியெல்லாம் குதித்தாள். அவள்மேல் அளந்து அம்மைக்குச் சட்டை தைத்தவர், மகளும் கேட்கிறாளே என்று, ஒரு முரட்டுத் துணியில் அவளுக்கும் ஒன்றை அவசரமாக ஒற்றைத் தையலில் தைத்துப் போட்டார். பிள்ளை அதைக் கழற்றவேயில்லை. இடது அக்குளில் பிசிறு உரசி உரசிப் புண்ணானது. அப்பா தைத்ததாயிற்றே, சொன்னால் வாங்கிவிடுவாரே என்று அவள் வாய் திறக்கவில்லை. புண் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, நெறி கட்டிய பிறகே பெற்றவர்களுக்குத் தெரிந்தது. தை பிறக்கும் முன் அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் அவர் இப்படி ஆனார். அம்மைக்கும் அதுவரை ஒற்றைத் தையல் சட்டைதானே போட்டு வந்தோம் என்ற நினைப்பு வந்ததும் அவர் குலை நடுங்கிற்று. அடுத்த ஆண்டு முதல் தோளுக்கு அமுக்குத் தையல், விலாவுக்குத் திருப்புத் தையல் என்று மாற்றினார். அக்குள் வளைவில் திருப்புத் தையல் சுருங்கும். அதற்கென்றே ஒன்றை அவராகக் கண்டுபிடித்தார். ஒரு விளிம்பைக் குறைத்து, மற்றதைப் பிள்ளையைப் போர்த்துவதுபோல் அதன்மேல் சுற்றி மடித்து, எள்ளளவு தையலாகப் போட்டு மூடிவிடுவது. அதற்கு மூடுதையல் என்று பெயர் வைத்தார். இப்போதெல்லாம் அளவுக்கு எந்தக் குழந்தையையும் அவர் நிறுத்துவதில்லை. பெட்டியிலிருந்து முத்துவடிவின் சட்டையை எடுத்து வைத்தே அம்மையின் துணியை வெட்டுவார்.

"செம்புக்கு நமைக்குமா வே?" என்று செக்காட்டும் பெரியவர் ஒருநாள் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

மருதவாணர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "நமைக்காதுன்னு யாரு கண்டா அண்ணாச்சி? எம் மவளுக்கும் நமைக்கலைன்னுதான நான் நெனைச்சேன்." அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை.

இனி அந்த ஊசி வழக்கத்தைச் சொல்கிறேன், கதைக்கு அது வேண்டும். மெல்லியலம்மையின் மேனியில் இரும்பு தங்கலாகாது. ஆகவே சட்டையைக் கொடுக்கும்போது தைத்தவர், அதைத் தைத்த ஊசியை ஒரு வெற்றிலைமேல் வைத்துப் பட்டருக்கும் மணியக்காரருக்கும் காட்ட வேண்டும். ஊசி காட்டுதல் என்று அதற்குப் பெயர். ஊசி துணியோடு போய் அம்மையின் மேல் தங்கிவிட்டால், தைத்தவரின் கட்டைவிரலை எடுத்துவிடுவார்கள். கட்டைவிரல் போன தையற்காரர் பிறகு என்ன செய்து பிழைப்பார்? அதனால் ஊசியைத் தலைப்பாகையின் வலப்பக்க மடிப்பில்தான் செருகுவது என்று மருதவாணர் ஒரு பழக்கம் வைத்திருந்தார்.

அவ்வாண்டு மார்கழி முதல் நாள் காலை. கோயில் வெளிமண்டபத்தில் உட்கார்ந்து, உச்சிப் பூசைக்குள் முடித்துவிடலாம் என்று நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தார் மருதவாணர். தோள் முடிந்தது, விலா முடிந்தது, வலது அக்குள் முடிந்தது. இடது அக்குளுக்கு முதல் ஓட்டம் போட்டு, ஒரு விளிம்பை நறுக்கி, மற்றதை மடிக்கப் போகிற நேரம். வீதியில் பறை கொட்டிற்று. குதிரைகள் கனைத்தன. அவ்வளவுதான், நம்மவர் கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது.

அம்மையைத் தரிசிக்க மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த, அச்சீமையை ஆளும் பாளையத்தார் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். செண்பகராமர் செருப்பை எங்கோ உதறிவிட்டு ஓடிவந்தார்.

"என்னவே இன்னும் தச்சுக்கிட்டு இருக்கீரு? குடும் அதை!"

"சாமி, இடது அக்குள் இன்னும் மூடலை. பிசிறு உள்ளாற நிக்கி. ஒரு நாழி பொறுத்தீயன்னா..."

"பாளையத்தாரு வாசல்ல நிக்காரு. அக்குளைத் தூக்கியா பாக்கப் போறாரு? விடும்வே!"

சட்டை அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. "ஊசி காட்டணும் சாமி" என்று எழுந்து பின்னாலேயே ஓடினார். "அதெல்லாம் அப்புறம்!" என்றது போகிற முதுகு. திரை விழுந்தது, மணி அடித்தது, திரை விலகியது. பச்சைப் பட்டுச் சட்டையில் அம்மை நின்றாள். பாளையத்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஊரே போட்டுக்கொண்டது. மருதவாணர் மட்டும் அம்மையின் தொங்குகிற இடக்கையையே பார்த்து நின்றார். அந்த அக்குளில் பிசிறு இருக்கிறதே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்து நடை சார்த்தினார்கள். வீட்டுக்கு வந்து காந்திமதியார் ஊற்றிய கஞ்சியின் முன் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றுமுன் ஊசியை எடுத்து வைக்க, பழக்கப்படி வலப்பக்க மடிப்புக்குக் கை போயிற்று.

ஊசி இல்லை.

இடப்பக்கம் தடவினார். இல்லை. தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். வேட்டி மடிப்பு, பாய், வந்த வழி, மண்டபத்துத் தளத்துக் கல்லிடுக்கு, ஒன்றையும் விடவில்லை. மண்டியிட்டு வீதியைத் தேடிக்கொண்டே போனவரைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டினார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"என்ன இப்பிடி நடுங்குதீய? என்னன்னு சொல்லுங்க" என்றார் காந்திமதியார்.

"ஊசியைக் காணும்டி. கையிலேருந்து பிடுங்கும்போது துணியிலேயே நின்னுருக்கு. அம்மை மேல இருக்கு."

அந்த அம்மாளுக்கும் பயம்தான். ஆனாலும் அவர் கணவரைப்போல் அல்ல, சட்டென்று யோசிக்கத் தெரிந்தவர். கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து மெல்லப் பேசினார். "யாருக்காவது தெரியுமா? தெரியாதுல்லா? பேசாம இருங்க. மார்கழி முடியற வரைக்கும் சட்டையை யாரும் கழத்தக் கூடாது. கழத்தினா உங்க கையிலதான் வந்து சேரும். அப்ப எடுத்துக்கிடலாம். விரலும் பொழைக்கும், தொண்டும் பொழைக்கும்."

நல்ல யோசனைதான். குற்றம் சொல்ல நாம் யார்? நீங்களும் நானும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்போம். மருதவாணரும் தலையை ஆட்டினார். கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு கலயத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசம்" என்றார். "ஒரு மாசம் அவ சொல்லாமலே நிப்பாளேடி. நம்ம பிள்ளை நின்ன மாதிரி."

காந்திமதியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மணியக்காரரிடம் சொல்லப் போக வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. தலைப்பாகையை எடுத்துத் தம் கையாலேயே கணவருக்குக் கட்டிவிட்டார்.

செண்பகராமர் மடைப்பள்ளி வாசலில் பாளையத்தாரின் விருந்துக்குக் கறிகாய் பார்த்துக்கொண்டிருந்தார். மருதவாணர் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. ஊசி காட்டாமல் சட்டையைப் பிடுங்கியவர் யார்? அவர்தானே. விஷயம் வெளியே வந்தால் தையற்காரரின் விரலோடு தம்முடைய மணியமும் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மருதவாணரின் தோள்துண்டைச் சேர்த்துப் பிடித்தார்.

"வே பயந்தாங்கொள்ளி, கேளும். ஊசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதை இன்னொரு தரம் சொன்னீர்னா, ஊருக்குள்ள உமக்குத் தண்ணி கூடக் கிடைக்காமப் பண்ணிருவேன். வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போம்."

மருதவாணர் அங்கிருந்து வெளியே வந்து நின்றார். இடப்பக்கம் போனால் வீடு. வலப்பக்கம் பாளையத்தார் இளைப்பாறும் வசந்த மண்டபம். அங்கே வேல் பிடித்தவர்கள் நின்றார்கள், கட்டியிருந்த குதிரை ஒன்று காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தக் குதிரையைத் தாண்டுவதே பெரும்பாடு. "அம்மா, மெல்லியலா, அம்மா, மெல்லியலா" என்று முணுமுணுத்துக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டுதான்.

பாளையத்தார் முன் போய் விழுந்தவருக்கு எழுந்திருக்க வரவில்லை. பல் கிட்டித்துப் பேச்சும் வரவில்லை. காவலர்கள் வலிப்பு நோய்க்காரர் என்று நினைத்துத் தூக்கப் போனார்கள். "ஊசி" என்றார். "அம்மை மேல ஊசி" என்றார். பின்னாலேயே ஓடிவந்த செண்பகராமர், இவருக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பாளையத்தார் சிரிக்கவில்லை. சுருண்டு கிடந்தவரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, முழுவதையும் கேட்டார்.

"ஊசி காட்டாம எப்படிச் சட்டை உள்ளே போச்சு?" என்று மணியக்காரரைப் பார்த்தார்.

"காட்டினாரு மகாராசா. நான் கண்ணால பாத்தேன்" என்றார் செண்பகராமர். அடப்பாவி மனிதா என்று மண்டபத்துத் தூண் கூடச் சொல்லியிருக்கும்.

பாளையத்தார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மருதவாணரிடம் நிதானமாகச் சொன்னார். "இந்தாரும், நல்லாக் கேட்டுக்கிடும். மார்கழியில சார்த்தின சட்டையைக் களையறது இதுவரை நடக்காத காரியம். உம்ம பேச்சைக் கேட்டு நடையைத் திறக்கச் சொன்னா, ஊசி இருந்தா உம்ம கட்டைவிரல் போகும். அது கோயில் விதி. ஊசி இல்லாட்டி, நல்ல நாள்ல பொய் சொல்லி அம்மையைக் களைய வச்ச குத்தத்துக்கு உம்ம தொண்டு போகும், இந்த ஊரை விட்டும் நீர் போகணும். ரெண்டுல ஒண்ணு நிச்சயம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு எழுந்து போம்."

கருணையுள்ள பேச்சுதான். மருதவாணருக்கு உயிர் வந்தாற்போல் இருந்தது. "வாய் தவறி..." என்று தொடங்கியும் விட்டார். அப்போது அவர் வலது கை, அவரை அறியாமல், தம்முடைய இடது அக்குளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். மளுக்கென்று கண்ணீர் வந்தது.

"வாய் தவறலை மகாராசா. எனக்குப் பயமா இருக்கு, ரொம்பப் பயமா இருக்கு. ஆனா நடையைத் தொறக்கச் சொல்லுங்க. பிள்ளைக்கு வலிக்கும்."

நடை திறந்தது. செய்தி எப்படித்தான் பரவுமோ, ஊர் முழுக்க மகாமண்டபத்தில் கூடிவிட்டது. பட்டர் திரையைப் போட்டு, தலையில் அடித்துக்கொண்டே உள்ளே போனார். சட்டையைக் களைந்து ஒரு தாம்பாளத்தில் வைத்து, மருதவாணரின் முன்னே கொண்டுவந்து வைத்தார். காந்திமதியார் கூட்டத்தில் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதா, கிடைக்கக் கூடாது என்று வேண்டுவதா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. வெறுமே "அம்மா, அம்மா" என்றார்.

மருதவாணர் விரலால் தேடத் தொடங்கினார். கழுத்துப் பட்டியை நெருடினார், இல்லை. தோளில் அமுக்குத் தையலின் இரண்டு ஓட்டத்துக்கும் இடையே நகத்தை ஓட்டினார், இல்லை. விலாவில் திருப்புத் தையலுக்குள் குழல்போல ஓர் இடைவெளி இருக்கும், ஊசி நழுவிப் போக அதுவே தோதான இடம். மேலிருந்து கீழ்வரை இரு விரலால் நசுக்கிக்கொண்டே வந்தார். இல்லை. வலது அக்குளிலும் இல்லை. செண்பகராமரின் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

கடைசியாக இடது அக்குள். பிசிறு நிற்கிற இடம். அதைத் தொடவே அவர் விரல் கூசிற்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டார்.

பிசிறு இல்லை.

மறுபடி தொட்டார். கண்ணைத் திறந்தார். சட்டையை முகத்தருகே கொண்டுபோனார். நீண்ட விளிம்பு குட்டை விளிம்பைப் போர்த்திச் சுற்றி, மடிந்து, முழுக்கத் தைத்து மூடப்பட்டிருந்தது. மூடுதையல். நுணாவூரில் மருதவாணரைத் தவிர வேறு ஒருவரும் போடாத தையல். ஆனால் ஒரு தையல் பெரிது, ஒரு தையல் சிறிது. ஓர் இடத்தில் கோணலாக மேலே ஏறி, பிறகு நினைவு வந்தாற்போல் கீழே இறங்கியிருந்தது. புதிதாக ஊசி பிடிக்கிற சின்னப் பிள்ளையின் கைவேலை மாதிரி இருந்தது.

"இதை நான் தைக்கலையே" என்றார் மருதவாணர்.

"கேட்டீயளா மகாராசா!" என்று செண்பகராமர் முன்னே வந்தார். "அக்குள் தைக்கலைன்னாரு, தைச்சிருக்கு. ஊசி இருக்குன்னாரு, இல்லை. பைத்தியம்னு நான் சொன்னேன்லா!"

பாளையத்தார் வருத்தத்தோடு எழுந்தார். சொன்ன சொல்லை அவர் மீற முடியாது. "மருதவாணரே," என்று அவர் தொடங்கியபோது, திரைக்கு உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அம்மைக்கு மறுபடி விளக்குக் காட்டப் போன பட்டர், தட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து விழுந்தார். பேச்சு வராமல் திரையைக் கையால் காட்டினார். பாளையத்தாரே போய்த் திரையை விலக்கினார்.

வெறும் பாவாடையோடு விளக்கொளியில் நின்றாள் மெல்லியலம்மை. காலையில் செருகிய பூ அவள் பாதத்தில் விழுந்து கிடந்தது. அது இருந்த இடத்தில், மடிந்த வலக்கை விரல்களின் நடுவே, ஊசி நின்றது. அதில் பச்சை நூல் கொஞ்சம் மிச்சம் தொங்கி ஆடியது.

ஊர் முழுவதும் தரையில் விழுந்தது. செண்பகராமரும்தான். அவர் விழுந்தவர் எழுந்திருக்காமல் தவழ்ந்தே வந்து மருதவாணரின் காலைப் பிடித்தார். "காட்டலை மகாராசா, ஊசி காட்டலை, நாந்தான் பிடுங்கினேன்" என்று கதறினார். இரும்பு அம்மையின் மேல் தங்கிவிட்டதே, விதி என்ன ஆகும் என்று பட்டர் நடுங்கிக்கொண்டே கேட்டார். பாளையத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தைச்சவங்க விரலை எடுக்கணும்னுதான விதி? யாரு தைச்சிருக்கான்னு பாரும்" என்றார். அதோடு அந்த விதி நுணாவூரில் முடிந்தது.

இத்தனை ஆரவாரத்திலும் ஒருவர் மட்டும் விழவில்லை, அசையவும் இல்லை. மருதவாணர் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மையின் இடக்கையைப் பார்த்தபடி நின்றார். தொங்குகிற அந்தக் கையின் ஆள்காட்டி விரல் நுனியில், செம்பின் மேல், கடுகளவு சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. ஊசி பிடிக்கப் பழகும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் குத்துகிற இடம் அது. முத்துவடிவுக்கும் அங்கேதான் குத்தியது.

பரவசத்தில் அடியார் ஆடுவார், பாடுவார் என்று நினைத்த ஊரார் அவர் சத்தம் கேட்டுத் திகைத்தார்கள்.

"ஐயோ, குத்திருச்சா தாயே! நான் வந்து தச்சிருப்பேம்லா! உனக்கு என்ன அவசரம்!"

அந்தக் கதறலில் காந்திமதியார் தூணை விட்டு ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து அழுதார்கள். மகள் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழுததில்லை. பாளையத்தார் ஊரைக் கூட்டிச் சொல்ல, மருதவாணர் தொண்டுக்கு நிலமும் வீடும் மானியமாக விட்டார்கள். அவர் நிலத்தை அன்னதானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீதி முனையில் அதே கோரைப்பாயில் உட்கார்ந்தார். பயந்தாங்கொள்ளி என்று அவரை யாரும் பிறகு கூப்பிடவில்லை. ஆனால் இடி இடித்தால் செக்கடிக்குள் ஓடுவதை அவர் விடவும் இல்லை.

மற்ற அடியார்கள் அம்மையின் தரிசனம் வேண்டித் தவம் கிடப்பார்கள். மருதவாணரோ ஒவ்வொரு மார்கழிக்கும் முந்தின நாளே சட்டையை முடித்து, ஊசியை வெற்றிலைமேல் வைத்துக் காட்டிவிட்டு, சந்நிதியில் கைகூப்பி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "எல்லாம் நானே மூடிட்டேன் தாயே. நீ ஊசியைத் தொட்டுராதே." தெய்வத்துக்கு வலிக்குமே என்று வாழ்நாளெல்லாம் பயந்திருந்த அந்த எளியவரின் நடுங்கும் கைகள் நம் பிள்ளைகளின் தலைமேல் என்றும் இருக்கட்டும்.